நாலாவதாக வரும் குரல்

அந்தக் கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், ஒரு பெட்டிக்குள் என் அப்பாவின் குரல் இருக்கிறது. யாரும் அதை அழிக்கவில்லை. ஒரு கோப்பில் சில வரிகளை மாற்றினால் அது பேசும். மாற்றாவிட்டால் பேசாது. அந்த வரிகளை எழுதியவளும் நான்தான், அவற்றை ஊமையாக்கியவளும் நான்தான். அதனால் இதை வேறு யார் தலையிலும் முழுசாகக் கட்டிவிட முடியாமல் இருக்கிறது. கட்ட ஆசைதான்.

பெட்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். டிபன் டப்பா அளவுதான். ஒரு பக்கம் மெமரி கார்டு செருகுகிற வாய், இன்னொரு பக்கம் ஒலிபெருக்கிக்குப் போகிற வயர். கார்டில் குரல் கோப்புகளோடு ஒரு சாதாரண எழுத்துக் கோப்பும் இருக்கும். எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்தக் குரல், எதற்குப் பின் எது, பேசிக்கொண்டிருக்கும்போது இன்னொரு பொத்தான் அழுத்தினால் நிறுத்த வேண்டுமா, முடிக்க வேண்டுமா என்றெல்லாம் அதில் வரி வரியாக எழுதி வைக்க வேண்டும். இந்தப் பெட்டியை மெசேஜ் பிளேயர் என்பார்கள். படித்து முடித்த கையோடு தம்பானூரில் லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு மாடி அறையில் இயங்கும் சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். அங்கே இந்த வரிகளை, அதாவது ஸ்கிரிப்ட், எழுதுவதுதான் எனக்குக் கிடைத்த வேலை. லிஃப்ட், ஜவுளிக்கடை, பார்க்கிங் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். கதவு மூடுகிறது, கவனம். வாகனம் பின்னால் வருகிறது, கவனம். ஊர் முழுக்கக் கவனமாக இருக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண் மருத்துவமனை வேலை வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல்முறையாக, நான் எழுதுவது யாருக்காவது உண்மையிலேயே வேண்டியதாக இருந்தது. கண்மணியை விரிக்கிற சொட்டு மருந்து விட்டுவிட்டால் எதிரே தொங்குகிற டிவியில் டோக்கன் எண் தெரியாது. எல்லாம் கலங்கிய வெளிச்சம்தான். கண்ணை மூடி உட்கார்ந்திருக்கச் சொல்வார்கள். அந்தக் கூடத்தில் அவர்களுக்கு இருப்பது காது மட்டும். நர்ஸ் விசைப்பலகையில் எண்ணைத் தட்டி அறைப் பொத்தானை அழுத்தினால், பெட்டி துண்டுகளை ஒட்டவைத்துப் பேசும். டோக்கன், எண், இத்தனாம் அறை. மலையாளம், ஆங்கிலம், இந்தி, தமிழ் என்ற வரிசையில். அந்த வரிசை மருத்துவமனை கொடுத்தது.

மற்ற மூன்று மொழிக்கும் குரல்கள் வெளியே எங்கோ பதிவாகி வந்துவிட்டன. தமிழுக்கு ஆள் இல்லை. "நின்டெ வீட்டில் எல்லாரும் தமிழல்லே, ஆரெயெங்கிலும் வெச்சு செய்தோ" என்றார் எங்கள் முதலாளி. வீட்டில் யாரையாவது வைத்துச் செய்துகொள்ளச் சொன்னார். யாரையாவது என்ன, எனக்கு ஒரே ஆள்தான் தோன்றியது.

என் அப்பா ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்த்து ஓய்வு பெற்றவர். ஆனால் நாங்கள் குடியிருக்கும் வலியசாலையில் அவரை யாரும் கணக்குக்காக நினைவு வைத்திருக்கவில்லை. ஆராட்டு மாதிரி கோயில் உற்சவ நாட்களில் மைக் பிடிப்பவர் அவர். தொலைந்த குழந்தை, கிடைத்த சாவிக்கொத்து, சாப்பாட்டுப் பந்திக்கு அடுத்த வரிசை, எல்லாம் அவர் குரலில்தான் தெருவுக்குத் தெரியவரும். வானொலியில் சேரப் பரீட்சை எழுதப் போய், அன்றைக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்று ஒரு பழைய கதை வைத்திருந்தார். அம்மா அதை நம்பியதேயில்லை.

படுக்கையறையில் ஜன்னலை அடைத்து, மின்விசிறியை நிறுத்தி, பீரோவின் மேல் கம்பளியைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். ஒன்று முதல் நூறு வரை எண்கள். ஒட்டவைக்க வேண்டியவை என்பதால் எல்லாம் ஒரே தொனியில் வேண்டும். அப்பாவால் அது மட்டும் முடியவில்லை. பத்துக்கு ஒருமுறை குரல் தானாக மேலே ஏறியது.

"ஏன்னா, நீங்க என்ன ஆராட்டுக்கு ஆள் கூப்பிடறேளா?" என்று கதவுக்கு வெளியிலிருந்து அம்மா.

"நீ செத்த சும்மா இரேன்டி. அவா கண்ணை மூடிண்டு இருப்பா. குரல்ல ஒரு இது வேண்டாமா?"

"கண்ணு தெரியலேன்னா காதும் கேக்காதுன்னு நெனச்சுண்டேளா?"

அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டு அறுபத்திரண்டிலிருந்து மறுபடி ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்த வாசகத்தில் டோக்கன் என்றுதான் தொடங்கியிருந்தேன். அவர் முன்னால் "தயவு செய்து" சேர்த்துக்கொண்டார். "நோயாளிக்கு உத்தரவு போடப்படாதுடி" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கேட்க நன்றாகவே இருந்தது.

பெட்டியைப் பொருத்திய நாளிலிருந்து அப்பாவுக்கு ஒரே கேள்விதான். "ஆராவது எழுந்தாளா?" தன் குரலைக் கேட்டு யாராவது எழுந்து போனார்களா என்பதை மட்டும் அவர் தெரிந்துகொள்ள விரும்பினார். நான் அங்கே போகவில்லையே அப்பா என்பேன். போனால் பார்த்துச் சொல்லு என்பார்.

ஒலிபெருக்கியில் ஏதோ கரகரப்பு என்று அழைப்பு வந்தபோது போனேன். கரகரப்பைச் சரிசெய்துவிட்டு, தமிழ் எப்படி இருக்கிறது என்று கேட்க வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஓர் அம்மாள், மடியில் ஒரு துணிப்பை, கண்கள் இறுக்க மூடியிருந்தன. சொட்டு மருந்து விடுகிற சேச்சி எண்ணைத் தட்டினார். மலையாளம் ஒலித்தது. ஆங்கிலம். இந்தி. பிறகு என் அப்பா, "தயவு". அவ்வளவுதான். சேச்சி அடுத்த எண்ணை அழுத்திவிட்டார், பெட்டி அப்பாவை வெட்டிவிட்டு மலையாளத்துக்குத் திரும்பியது. மறுபடி மூன்று மொழிகள். மறுபடி "தயவு". சில தடவை "த" மட்டும்.

புதிய பொத்தான் அழுத்தினால் பழைய பேச்சை நிறுத்து என்று ஸ்கிரிப்டில் எழுதியவள் நான்தான். லிஃப்டுக்கு அப்படித்தான் எழுதுவோம். ஆனால் லிஃப்டில் நாலு மொழி இல்லை. கூட்டமான காலையில் நாலாவது மொழிக்கு முறை வரவே வராது என்பது அந்த வரிசையில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

பக்கத்து அம்மாள் என் பக்கம் தலையைச் சாய்த்தார். "ஏளா, நீ தமிழா? நாப்பத்தி ஆறு கூப்டுட்டாவளா?"

டிவியைப் பார்த்தேன். ஐம்பதைத் தாண்டியிருந்தது.

"கூப்பிட்டாச்சும்மா. கேக்கலையா?"

"என்னமோ சத்தம் கேட்டுக்கிட்டேதான் இருக்கு. வெரசா பேசுதாவ. நம்ம பாசையில சொல்லுவாவன்னு மருமவன் சொன்னாரு, அதான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

மருமகன் கிழக்கேகோட்டையில் ஒரு ஓட்டலில் வேலை செய்கிறாராம். கொண்டுவந்து உட்கார்த்திவிட்டு வேலைக்கு ஓடியிருக்கிறார். அம்மாள் தென்காசிப் பக்கம். ரயிலேறி வந்தவர். நான் சேச்சியிடம் போனேன். "மூணு பிராவசியம் விளிச்சு, ஆளு வந்நில்லா" என்றார் அவர். மூன்று முறை கூப்பிட்டும் ஆள் வரவில்லை என்று தாளில் அடித்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, அவர் முறைப்படி செய்தார். டாக்டர் அறுவை சிகிச்சைக்குள் போய்விட்டார். நாளை வரவேண்டும், மறுபடி மருந்து விட வேண்டும். அம்மாள் துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மங்கிய கண்ணோடு சுவரைத் தடவிக்கொண்டே வெளியே போனார். யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அன்று அப்பா வழக்கம்போலக் கேட்டார். "கூட்டமா இருந்தது, சரியாப் பாக்கலை" என்றேன்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "தமிழன்மார்க்கு மலையாளம் மனசிலாவுமல்லோ, குட்டி. நினக்கு மனசிலாவுந்நில்லே?"

எனக்குப் புரியும்தான். பள்ளிக்கூடம் முழுக்க மலையாளத்தில் படித்தவள். புரியும் சார் என்று மலையாளத்தில் சொன்னேன். அதோடு என் வாதம் முடிந்துபோனது. தமிழுக்காக நான் பேசியதெல்லாம் நல்ல, பிழையில்லாத மலையாளத்தில்தான். அதைக் கேட்கிற யாருக்கும் தமிழ் எதற்கு என்றுதானே தோன்றும்.

ஆனாலும் விடவில்லை. முதலில், எதையும் வெட்டாதே, வரிசையில் போட்டு ஒவ்வொன்றாகப் பேசி முடி என்று எழுதிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் கூடம் நாறிப்போனது. சேச்சி வேகமாக எண்களை அழுத்த, பெட்டி ஒவ்வொருவரையும் நாலு மொழியில் நிதானமாக அழைத்துக்கொண்டே பின்தங்கியது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்துவிட்டவர்களையெல்லாம் இப்போதுதான் உள்ளே கூப்பிட்டது. "ஈ பெட்டி என்னெக்காள் வாயாடியாணல்லோ" என்று சேச்சி காதைப் பொத்திக்கொண்டார், தன்னைவிட வாயாடியாம். எனக்கும் சிரிப்பு வந்தது. பழையபடி மாற்றிவிட்டு வந்தேன்.

சரியான வழி வீட்டில் கிடைத்தது. காலையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அம்மா சமையலறையிலிருந்து தோசை ஆறிப்போறது என்று ஒரு தடவை கூப்பிட்டாள். நான் அசையவில்லை. இரண்டாம் தடவை அவள் தோசையைப் பற்றிப் பேசவில்லை, என்னைப் பற்றிப் பேசினாள். எழுந்து ஓடினேன். தட்டில் கை வைத்தபோது புரிந்தது. இரண்டாம் தடவை கூப்பிடுகிறவர்கள் யாரும் முதல் தடவை மாதிரியே கூப்பிடுவதில்லை. ஒரே எண்ணை ஒருவர் மறுபடி அழுத்துகிறார் என்றால் ஆள் வரவில்லை என்று அர்த்தம். அதே சத்தத்தை மறுபடி போட்டு என்ன பிரயோஜனம்? முதல் அழைப்பு எப்போதும்போல மலையாளத்தில் தொடங்கட்டும். அதே எண் திரும்ப வந்தால் தமிழில் தொடங்கட்டும்.

கடைசியாக வந்த எண்ணை நினைவில் வை, புதிய எண் அதுவாகவே இருந்தால் இந்த வரிசை, இல்லாவிட்டால் அந்த வரிசை. எழுத மிகச் சுலபம். எழுதி முடித்து, மேசையில் பெட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தேன். முதலாளியிடம் காட்டினேன். அவர் போனில் இருந்தார். "செய்தோ. பராதி வரருது, அத்ரே உள்ளூ." புகார் வராமல் பார்த்துக்கொள், அவ்வளவுதான் என்று அர்த்தம்.

அடுத்த சில வாரங்களில் இருந்ததுபோல நான் அந்த வேலையில் வேறெப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. பெட்டியைச் சோதிக்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி அங்கே போய் உட்காருவேன். சில எண்களுக்கு முதல் அழைப்பில் யாரும் அசைய மாட்டார்கள். சேச்சி இரண்டாம் முறை அழுத்துவார். "தயவு செய்து, டோக்கன் முப்பத்தி எட்டு, மூன்றாம் அறைக்கு வாருங்கள்." ஆராட்டுத் தொனி அப்படியே இருந்தது. கடைசி வரிசையில் தலையில் துண்டு கட்டிய ஒரு கட்டட வேலைக்காரர் விருட்டென்று எழுந்து, கண்ணைத் திறக்காமலே குரல் வந்த கூரையைப் பார்த்துத் தலையாட்டினார், யாரோ நேரில் கூப்பிட்ட மாதிரி. சேச்சி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். "கொள்ளாமல்லோடீ" என்றார். பரவாயில்லையே என்று. அவர் வாயில் அதுதான் பெரிய பாராட்டு.

"ஆராவது எழுந்தாளா?"

"எழுந்தா அப்பா."

"எப்படி எழுந்தா? உடனேயா, யோசிச்சா?"

"உடனே."

அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் தலைகீழாகப் பிடித்திருந்தார் என்று அம்மா பிற்பாடு சொன்னாள். அது அவளுடைய மிகைப்படுத்தலாக இருக்கலாம்.

பராதி வந்தது. நல்ல உயரம், கசங்காத முண்டு, பெரிய பதவியில் இருந்தவர் என்று பார்த்ததும் தெரிகிற ஒருவர். கழிப்பறைக்குப் போயிருந்தார் போல. முதல் அழைப்பு போய்விட்டது. திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவருடைய எண் தமிழில் ஒலித்தது. அவருக்கு அது புரிந்துவிட்டது. அதுதான் வினை. புரியாமல் இருந்திருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பார். அவர் மூன்றாம் அறைக்குப் போகாமல் நேரே நிர்வாகி அறைக்குப் போனார்.

"என்னெ எந்தினா தமிழில் விளிச்சது? ஞான் தமிழனாணோ?"

என்னை ஏன் தமிழில் கூப்பிட்டது, நான் தமிழனா என்று கத்தவில்லையாம், சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். முதலாளியும் வந்திருந்தார். நிர்வாகி மேடம் தேநீர் கொடுத்து, மோளே என்று கூப்பிட்டு, மென்மையாகத்தான் பேசினார். பெட்டிக்கு நோயாளி யாரென்று தெரியாது, இரண்டாவது அழைப்புதான் அப்படி வருகிறது என்று விளக்கினேன். அப்படியானால் வராதவர்கள் எல்லாம் தமிழர்கள் என்று நீயே முடிவு பண்ணிவிட்டாயா என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கான பதில் இல்லை. தென்காசி அம்மாளைப் பற்றிச் சொன்னேன். பாவம் என்றார். உடனே, நாலு மொழி ரொம்ப நீளம், தமிழை எடுத்துவிடலாம் என்றார். இந்தி? இந்தி இருக்கட்டும், வடக்கிலிருந்து வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு மலையாளம் தெரியாதே, தமிழர்களுக்கு மனசிலாகுமல்லோ.

நான் முதலாளியைப் பார்த்தேன். அவர் தேநீர்க் கோப்பையைப் பார்த்தார். "ஞான் அறிஞ்ஞில்லா மேடம். குட்டி ஸ்வந்தமாயிட்டு செய்ததா." தனக்குத் தெரியாதாம், பெண் தானாகச் செய்ததாம். படிக்கட்டில் இறங்கும்போது, சும்மா அப்படிச் சொன்னேன், மனசில் வைத்துக்கொள்ளாதே என்று என் தோளைத் தட்டினார். மனசில்தான் வைத்திருக்கிறேன். வேறெங்கே வைப்பது.

அந்தப் பெட்டியில் ஒரு வரியை நிறுத்த அதை அழிக்க வேண்டியதில்லை. வரியின் முன்னால் ஒரு அரைப்புள்ளி வைத்தால் போதும், பெட்டி அதைத் தாண்டிப் போய்விடும். தமிழ் என்று வருகிற ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒன்று வைத்தேன். அப்பாவின் நூறு எண்களையும் கார்டிலேயே விட்டேன். அழிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அது எனக்கு நானே செய்துகொண்ட சலுகை, வேறொன்றுமில்லை.

அப்பாவிடம் அன்றே சொன்னேன். "சாரமில்லை" என்றார். பரவாயில்லை என்கிற அந்த மலையாள வார்த்தை எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களுக்குத்தான் வரும். பிறகு, "அப்போ முதல் தடவை ஆராவது எழுந்துக்கலேன்னா?" என்றார்.

"ரெண்டாவதும் மலையாளத்துலதான் ஆரம்பிக்கும்."

"கொள்ளாம்" என்றார். சேச்சி சொன்ன அதே வார்த்தைதான். கேட்க அப்படி இல்லை.

பிறகு அப்பாவுக்கே கண் மங்கத் தொடங்கியது. அந்த ஆஸ்பத்திரியே போதும் என்றார். சேச்சி மருந்து விட்டார், அப்பாவைக் கண் மூடி உட்கார வைத்தேன். டோக்கன் நாற்பத்தி ஒன்று. மலையாளத்தில் கூப்பிட்டது. அவர் அசையவில்லை. ஆங்கிலம். இந்தி.

"அப்பா, நம்ம நம்பர்."

"இரு."

சேச்சி மறுபடி அழுத்தினார். மலையாளம், ஆங்கிலம், இந்தி. பிறகு பெட்டி மௌனமாகியது. என் கையை உதறிவிட்டு அவர் முகத்தை லேசாக உயர்த்திக் காத்திருந்தார். மூன்றாம் முறையும் போனது. சேச்சி எழுந்தே வந்துவிட்டார்.

"அங்கிளே, விளிச்சது கேட்டில்லே?"

"கேட்டு மோளே" என்றார் அப்பா, பெட்டியில் இருப்பதைவிட நல்ல மலையாளத்தில். "நாலாமத்தேது கூடெ வரட்டே என்னு வெச்சு." கேட்டதாம், நாலாவதும் வந்துவிடட்டும் என்று இருந்தாராம்.

சேச்சி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அப்பாவின் எண்ணைத் தாளில் அடிக்கவில்லை, கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டுப் போனார்.

எண்கள் போய்க்கொண்டிருந்தன. நாற்பத்தி நாலை ஒரு முறை கூப்பிட்டது. யாரும் எழவில்லை. இரண்டாம் முறையும் மூன்று மொழியும் முடிந்தன. அப்போது என் பக்கத்தில், மூடிய கண்ணோடு, மடியில் கை வைத்தபடியே, வலியசாலைத் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் அப்பா சொன்னார்.

"தயவு செய்து, டோக்கன் நாற்பத்தி நாலு, மூன்றாம் அறைக்கு வாருங்கள்."

பின்வரிசையில் ஒருவர் தடுமாறி எழுந்தார். "நாந்தான், நாந்தான்" என்று கையை நீட்டிக்கொண்டே நடந்தார்.

வாசலில் நின்ற செக்யூரிட்டி வேகமாக வந்தார். "அங்கிளே, ஒச்ச வெக்கல்லே. இது ஆஸ்பத்திரியா." சத்தம் போடக்கூடாதாம். அப்பா உடனே வாயை மூடிக்கொண்டார், திட்டு வாங்கிய பள்ளிக்கூடப் பையன் மாதிரி. கடைசியில் அவருடைய எண் வந்தபோது மலையாள அழைப்புக்கே எழுந்து போனார்.

வீட்டுக்கு ஆட்டோவில் வந்தோம். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவர் எங்கே பார்க்கிறார் என்று தெரியவில்லை. தம்பானூர் தாண்டும்போது போனில் முதலாளியின் செய்தி வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும், அடுத்த தடவை அப்பாவை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று எழுதியிருந்தார்.

"என்னடி, ஆபீஸா?"

"ஒண்ணுமில்லை."

"அந்த நாப்பத்தி நாலு," என்றார். "எழுந்தாளா? எனக்குக் கண்ணு தெரியலை."

"எழுந்தார்."

"உடனேயா?"

"உடனே."

அவர் தலையசைத்தார். நான் மடியில் வைத்திருந்த பையில் என் லேப்டாப் இருந்தது. சில அரைப்புள்ளிகள்தான் விஷயம். அதை அவரும் அறிவார், முன்பே விளக்கியிருக்கிறேன். அவர் கேட்கவில்லை. நானும் திறக்கவில்லை.